நீலக் கயிறு கட்டிய புல்

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று டாஃபி சினையாகி 290-ஆவது நாள். கார்வினின் பாக்கெட் நோட்டை வைத்துத்தான் எண்ணுகிறேன். அவர் கையெழுத்தில்: "டாஃபி. ஏப்ரல் 24, சேர்ந்தது. முதல் குட்டி. 340 நாள் என்று வை, முன்பின் ஆகும்." அதற்குக் கீழே இரண்டு முறை அடிக்கோடிட்டு: "பிப்ரவரி 1 முதல் ஃபெஸ்க்யூ கூடாது. ஒரு வாய் கூட."

மிசூரியின் இந்த மலைப்பக்கம் முழுக்க மேய்ச்சல் நிலம் என்றால் ஃபெஸ்க்யூ புல்தான். வறட்சியிலும் பச்சை, பனியிலும் பச்சை. மாடுகள் அதைத் தின்றே வளர்கின்றன. சினைக் குதிரைக்குக் கடைசி இரண்டு மாதம் அது ஆகாது என்று கார்வின் முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. பல்கலைக்கழகத்து ஆய்வுக் கட்டுரை ஒன்றைத் தேடிப் படித்த பிறகே ஒப்புக்கொண்டேன். "புருஷன் சொன்னா போதாது, அடிக்குறிப்போட வேணும் உனக்கு" என்று சிரித்தார்.

முதல் தேதியே அவளைப் புல்வெளியிலிருந்து பிரித்து லாயத்துக்குப் பின்னால் உள்ள வெறும் மண் பட்டியில் விட்டேன். வேலிக்கு மேல் தலையை நீட்டிக்கொண்டு பச்சையையே பார்த்து நிற்கிறாள். எட்டு நாளாகிறது. என்னை மன்னிக்கவில்லை.

அடுத்த பண்ணை வாண்டா மறுபடி சொன்னாள், குதிரையை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று. நான் வேலை பார்க்கும் நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்குப் போக முப்பத்தைந்து மைல், வர முப்பத்தைந்து. நடுவில் சினைக் குதிரை எதற்கு என்கிறாள். குட்டி பிறக்கட்டும் என்றேன். நவம்பரில் கார்வின் வேலியோரமாக விழுந்தபோது கையில் சுத்தியல் இருந்தது. அந்த வேலியை வாண்டாவின் கணவர் டெல்மர் முடித்துவிட்டார். கூரையை நான் ஆள் வைத்து முடித்தேன். அவர் தொடங்கியதில் மீதி இருப்பது இது ஒன்றுதான்.

பிப்ரவரி 21, சனி

கார்வின் குதிரைக்கென்று அறுத்துவைத்த டிமோத்தி புல் இன்று காலையோடு தீர்ந்தது. மாலையிலிருந்து துக்கப் புல்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பெண்கள் சமையலறைக்கு உணவு கொண்டுவருவார்கள். பாத்திரத்தின் அடியில் பெயர் ஒட்டியிருக்கும், திருப்பித் தர வேண்டுமே. ஆண்கள் கொட்டகைக்குப் புல்கட்டு கொண்டுவருவார்கள். அதில் பெயர் இருக்காது. வீட்டார் தேவாலயத்தில் இருக்கும் நேரம் பார்த்து அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். யாருடையது என்று கேட்கக்கூடாது. நன்றியும் சொல்லக்கூடாது. இருபத்தாறு வருடங்களில் கார்வின் எத்தனை கொட்டகைகளில் அடுக்கியிருப்பார் என்று எனக்கே தெரியாது. என்னிடமும் சொன்னதில்லை.

அடக்கம் முடிந்து திரும்பியபோது லாயத்தில் நாற்பது கட்டுகள் நின்றன. நான் அன்று அழுதது அங்கே மட்டும்தான்.

நல்ல புல். கதிர் வரும் முன்பே அறுத்தது, மெத்தென்று, பச்சை மாறாமல். இருப்பதிலேயே நல்லதைத் தேர்ந்து கொண்டுவந்திருக்கிறார்கள். கட்டுக்கு இரண்டு சுற்று நீலக் கயிறு. டாஃபி முகத்தை அதில் புதைத்துக்கொண்டு வெகுநேரம் நிமிரவே இல்லை. இப்போது மன்னித்துவிட்டாள் போல.

மார்ச் 3

மடி: ஒன்றுமில்லை. இன்னும் நேரம் இருக்கிறது.

மார்ச் 14, சனி

பிணந்தின்னிக் கழுகுகள் திரும்பிவிட்டன. காலையில் லாயத்துக் கூரை மேல் ஐந்து, இறக்கையை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தன. டெல்மரும் வாண்டாவும் அடுத்த பண்ணையிலிருந்து வந்தபோது அவை நகரவில்லை.

"என்ன கண்ணு இது," என்றாள் வாண்டா. "கீழ ஒரு வாயில்லா ஜீவன் சினையா நிக்குது. மேல இதுங்க துணி காயப்போட்ட மாதிரி உக்காந்திருக்கு. கல்லெடுத்து அடி."

"வருஷா வருஷம் இந்த வாரம்தான் வரும், வாண்டா. குளிர் விட்டா வரும்."

"எதுக்கும் ஒரு காரணம் வச்சிருப்ப நீ."

பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தாள். அதில் நிர்வாணமாக ஒரு மனிதன், உடம்பெல்லாம் ராசி. ராசி பாதத்துக்கு இறங்கும் நாளில் பிறந்தால் சுகப்பிரசவமாம், நெஞ்சில் நிற்கும்போது வலி கண்டால் ஆபத்தாம். சந்திரன் மாதம் ஒருமுறை எல்லா உறுப்புகளுக்கும் போய்வருகிறது. இந்த ஜோசியம் பலிக்காமல் போவதுதான் கடினம். சொல்லவில்லை. காப்பி ஊற்றினேன்.

டெல்மர் லாயத்துக்குள் போய் ஒரு புல்கட்டைத் தட்டிப் பார்த்தார். "தின்னுதா?"

"ஒரு துரும்பு மிச்சம் வைக்கறதில்லை."

"தின்னட்டும், தின்னட்டும். ரெண்டு உயிராச்சே." அவர் முகத்தில் ஒரு திருப்தி. டாஃபியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள கார்வின் மாதிரியே ஒருத்தன் உதைக்கிறான்" என்றார்.

அவர்கள் போகும்போது பார்த்தேன். பிக்கப் வண்டியின் பின்கதவுக் கொக்கி உடைந்துவிட்டது போலிருக்கிறது, நீலக் கயிற்றால் கட்டியிருந்தார்.

மார்ச் 22

மடி: மாற்றமில்லை. 332-ஆவது நாள். இந்நேரம் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும் என்கிறது புத்தகம். முதல் குட்டிக்குத் தாமதமாகும் என்றும் அதே புத்தகம் சொல்கிறது. புத்தகங்களுக்கு எல்லாப் பக்கமும் கதவு.

மார்ச் 30, திங்கள்

340. கார்வின் குறித்த நாள்.

காலையும் மாலையும் குனிந்து பார்க்கிறேன். காற்று போன கையுறை மாதிரி தொங்குகிறது மடி. பிரசவத்துக்கு முன் காம்பில் திரளும் மெழுகு இல்லை. வால்பக்கத்துச் சதை மட்டும் தளர்ந்திருக்கிறது. அவள் உடம்பில் ஒரு பாதி தயாராகிறது, இன்னொரு பாதிக்குத் தகவலே போகவில்லை.

ஏப்ரல் 4, சனி

தீவனக் கடையில் டெல்மர், நாலு பேர் முன்னால்: "என்ன மார்லா, உன் குதிரையும் உன்ன மாதிரி மேல்படிப்பு படிக்குதா? பட்டம் வாங்கினாத்தான் குட்டி போடுமாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். கடைக்காரர் சொன்னார், அவருடைய சித்தப்பாவின் குதிரை முந்நூற்று எழுபது நாள் சுமந்ததாம். அந்தக் குட்டி என்னவாயிற்று என்று கேட்டேன். சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

ஏப்ரல் 9, வியாழன்

350. கால்நடை டாக்டர் ஸ்பர்லாக்கை வரச்சொன்னேன். முப்பது வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. நடந்துகொண்டே பேசுகிறாள், பேசிக்கொண்டே கையை உள்ளே விடுகிறாள்.

"குட்டிக்கு உயிர் இருக்கு. பெருசா இருக்கு. ஆனா நஞ்சுக்கொடி தடிச்சுக் கிடக்கு, எனக்குப் பிடிக்கலை. மடியில ஒரு சொட்டு இல்லை. என்ன புல் போடறீங்க?"

"டிமோத்தி."

"பார்த்துதான் சொல்றீங்களா?"

இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் கிணற்று நீரைக் குப்பியில் வாங்கிப் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று பார்க்காமல் சொன்னேன். குதிரை வீட்டுக்குக் குதிரைப் புல்தானே கொண்டுவந்திருப்பார்கள் என்று நவம்பரில் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நினைக்கவே இல்லை. துக்கப் புல்லை யாராவது பிரித்து ஆராய்வார்களா? சுட்டுக்கொண்டுவந்த ரொட்டியை மோந்து பார்ப்பது போல அது.

"பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க," என்றாள். வண்டியில் ஏறும் முன் திரும்பி வந்தாள். "இதையும் கேட்டுக்கங்க. குட்டி வரும்போது முதல்ல தெரியற பை வெள்ளையா இருந்தா கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. சிவப்பா இருந்தா நஞ்சுக்கொடி முன்னாடி கழண்டுடுச்சுன்னு அர்த்தம், குட்டிக்கு மூச்சு கிடையாது. வெட்டுங்க. எனக்கு போன் பண்ணாதீங்க. யோசிக்காதீங்க. வெட்டுங்க."

சமையலறைக் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டெடுத்து லாயத்து ஆணியில் மாட்டினேன்.

ஏப்ரல் 10, பெரிய வெள்ளி

மதியம் பரிசோதனைக் கூடத்தில் யாரும் இல்லை. ஒரு பிடி புல்லை உறையில் கொண்டுபோயிருந்தேன்.

கதிர் இல்லாத புல்லில் இனம் சொல்வது கடினம். ஆனால் முடியும். இலை தண்டைத் தழுவும் இடத்தில் சின்னச் சின்னக் காது மடல்கள், அவற்றின் விளிம்பில் கண்ணிமை போல மயிர். டிமோத்திக்கு அது கிடையாது. இலையின் ஓரத்தில் விரலை இழுத்தேன், அறுத்தது. அதுவே போதும். இருந்தாலும் நான் நிற்கவில்லை. இலையுறையின் உள்தோலை உரித்துச் சாயம் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஃபெஸ்க்யூவின் விஷம் புல்லினுடையது அல்ல, புல்லுக்குள் வாழும் பூஞ்சையுடையது. செல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது அது. மெலிந்து, வளைந்து, நீலமாக. அந்தச் சாயம் பூஞ்சையை நீலமாகத்தான் காட்டும்.

உள்ளே நீல நூல். வெளியே நீலக் கயிறு.

நானேதான் குடுத்தேன். பச்சைப் புல்வெளியிலேர்ந்து பிடுங்கிக் கொண்டுவந்து அடைச்சேன், நோட்டுல போட்டபடி, தேதி தவறாம. அடைச்சு வச்சு அதே விஷத்தைக் காயவச்சுக் குடுத்தேன். என் கையால. நாப்பத்தெட்டு நாள், தினம் ரெண்டு வேளை. அவ தின்னுட்டு என் தோள்ல முகத்தைத் தேய்ப்பா. கார்வின் ஒரு வாய் கூடன்னு எழுதிட்டுப் போனாரு. ஒரு வாய் கூட!

நீலக் கயிறு யார் பயன்படுத்துகிறார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

ஏப்ரல் 11, சனி

டாக்டர் ஒரு பசையைக் கொடுத்திருக்கிறாள். தினம் ஒருமுறை நாக்கின் மேல் தடவ வேண்டும். பால் சுரக்க உதவும், பத்து நாள் முன்னால் தொடங்கியிருந்தால் இன்னும் நல்லது என்றாள். நஞ்சுக்கொடியின் தடிப்பு இனிக் குறையாது. கடையிலிருந்து பெயர் அச்சிட்ட மூட்டையில் குதிரைத் தீனி வாங்கிவந்தேன்.

மிச்சமிருந்த பதினோரு கட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்து லாயத்துக்குப் பின்னால் போட்டுத் தார்ப்பாயால் மூடினேன். எரிக்கலாம். புகையைப் பார்த்து யாராவது கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது? என் கணவரை மண்ணில் வைத்த அன்று ஒருவர் தன் கொட்டகையில் இருந்ததிலேயே நல்லதை எனக்குக் கொண்டுவந்தார், அது இப்போது குதிரையைக் கொல்லப் பார்க்கிறது என்றா?

அவருக்கு மாடுகள் மட்டும்தான். தெரிந்து செய்திருக்கமாட்டார்.

இதை எழுதும்போதே கோபம் வருகிறது. அதுவும் உண்மை.

ஏப்ரல் 12, ஈஸ்டர்

தேவாலய வாசலில் டெல்மர் கைகுலுக்கினார். கார்வினின் பெட்டியைச் சுமந்த கை. "இன்னும் இல்லையா?" "இன்னும் இல்லை." வாண்டா காதோரம் சொன்னாள், ராசி எட்டு நாளில் பாதத்துக்கு வந்துவிடுமாம்.

நான் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை யாரோ திருப்பி வைத்தார்கள்.

ஏப்ரல் 15

மடி: இல்லை. 356.

ஏப்ரல் 17

வலது காம்பில் ஈரம். பால் அல்ல, தண்ணீர் போல. குட்டி அசைவது குறைந்திருக்கிறது, அல்லது நான் அப்படி நினைக்கிறேன். காதை வைத்துக் கேட்டேன். என் இதயம்தான் கேட்கிறது.

ஏப்ரல் 19, ஞாயிறு

360. கழுகுகள் எட்டு ஆகிவிட்டன. காரணம் தெரியும், அப்படியும் ஒரு கல்லை எடுத்து எறிந்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

சிவப்பு. இன்று இதற்கு மேல் எழுத முடியாது.

ஏப்ரல் 22, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேற்றுக் காலை ஒன்பதே முக்கால். மழை. வேலைக்குப் போகப் பையை மாட்டிக்கொண்டு கடைசியாக ஒருமுறை லாயத்துக்குள் எட்டிப் பார்த்தேன். டாஃபி படுத்திருந்தாள், கழுத்தெல்லாம் வியர்வை. வெளியே தெரிந்தது வெள்ளை இல்லை. வெல்வெட்டு போல, ஈரமாக, சிவப்பு.

யோசிக்காதீர்கள் என்று சொல்லியிருந்தாள். நான் யோசித்தேன். இது சிவப்புத்தானா, இல்லை இளஞ்சிவப்பா என்று நின்று பார்த்தேன். இருபத்திரண்டு வருடமாக நிறங்களை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பழகிய கண். மூன்று நொடியா, ஐந்தா? எனக்குத் தெரியாது. அந்தக் குட்டிக்குத்தான் தெரியும்.

பிறகு கத்தரிக்கோலை எடுத்தேன். முதல் வெட்டு வழுக்கியது. தோல் செருப்பு போலத் தடிமன். இரண்டாவதுக்குப் பிளந்தது. உள்ளே கையை விட்டு வெள்ளைப் பையைக் கிழித்தேன். ஒரு குளம்பு, இன்னொரு குளம்பு, நடுவில் மூக்கு. அவள் முக்கும்போதெல்லாம் கீழ்நோக்கி இழுத்தேன். அவள் நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். என்னென்னவோ பேசினேன். "வாடி, வா, இன்னும் ஒரு தடவை, என் ராசாத்தி" என்றெல்லாம். என் வாயில் அப்படி வார்த்தைகள் இருப்பது எனக்கே தெரியாது.

முழுதாக வழுக்கி வந்தது. ஆண். உடம்பு மெலிந்து, கால்கள் மட்டும் நீண்டு, குளம்புகள் வளர்ந்து வளைந்திருந்தன, நாளுக்கு மேல் உள்ளே கிடந்ததால். மூச்சு இல்லை. துவாலையால் தேய்த்தேன். மூக்குக்குள் வைக்கோல் துரும்பை விட்டேன். என் பையிலிருந்த மதிய உணவு எல்லாம் தரையில் கொட்டிக் கிடந்ததை அப்போது பார்த்தது நினைவிருக்கிறது, ஒரு ஆப்பிள் டாஃபியின் வால்பக்கம் உருண்டு போயிருந்தது. அப்புறம் ஒரு தும்மல். குட்டியுடையது.

பத்தரைக்கு டாக்டர் வந்தாள். குட்டியின் ஈறைப் பார்த்தாள், தாயின் மடியைப் பிழிந்தாள். "இதுல ஒண்ணும் தேறாது. ஆறு மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போகணும். இல்லைன்னா இன்னிக்குப் பிழைச்சாலும் வாரக் கடைசிக்குள்ள போயிடும். குதிரைச் சீம்பால்தான் வேணும், மாடு வேண்டாம். வடக்கே ஒரு பெரிய பண்ணையில உறைய வச்சு வச்சிருக்காங்க. எண்பது மைல். யாரை அனுப்பறீங்க?"

நான் குட்டியின் தலையை மடியில் வைத்திருந்தேன். தொலைபேசியில் விரல் தானாகப் போன எண் ஒன்றுதான்.

"டெல்மர், எண்பது மைல் போகணும்—"

"எங்கன்னு சொல்லு. போனை வை."

ஒன்றரை மணிக்கு வந்தார். ஐஸ்பெட்டியை இருக்கைப் பட்டியால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். "வழியில போலீஸ்காரன் மறிச்சான். சீம்பால்னு சொன்னா சிரிக்கிறான். நீ வந்து குடிச்சுப் பாருடான்னேன்."

டாக்டர் குழாய் வழியாகக் குட்டிக்கு இறக்கினாள். டெல்மர் அதன் பின்பக்கத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவள் கையை வேலையில் வைத்துக்கொண்டே பேசினாள், எப்போதும் போல. "எல்லாம் ஃபெஸ்க்யூ பண்ணின வேலை. யாரோ புண்ணியவான், நல்ல மனசோட, சாவு வீட்டுக்குக் குடுத்த புல்லு."

தடுத்திருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாது.

டெல்மர் நிமிர்ந்தார். "மாட்டுக்கு ஒண்ணும் பண்ணாதே அது…" என்று தொடங்கினார்.

பிறகு வாளியில் தண்ணீர் பிடிக்க லாயத்துக்குப் பின்னால் போனார். அங்கேதான் குழாய் இருக்கிறது. தார்ப்பாய் இருக்கிறது. நேற்றைய காற்றில் அது விலகியிருந்தது.

வெகுநேரம் வரவில்லை. வந்தபோது வாளி காலியாக இருந்தது. தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"மார்லா, பின்னாடி கிடக்கிறது யாரு புல்லு?"

"தெரியாது," என்றேன். "கேக்கிற வழக்கமில்லையே."

என் முகத்தைப் பார்த்தார். நான் குட்டியைப் பார்த்தேன். வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி போனார்.

ஏப்ரல் 24, வெள்ளி

டாஃபி சேர்ந்து சரியாக ஒரு வருடம். குட்டி இரண்டு பேர் தாங்கினால் நிற்கிறது. முன்னங்கால்கள் மடங்கி, கணு தரையைத் தொடுகிறது. கட்டை வைத்துக் கட்டியிருக்கிறோம். இரண்டு மணிக்கு ஒருமுறை புட்டிப் பால். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 25, சனி

டாஃபிக்குக் காய்ச்சல். நஞ்சுக்கொடியில் ஒரு பகுதி உள்ளேயே தங்கிவிட்டது. மருந்து ஏற்றிக் கழுவியிருக்கிறாள் டாக்டர். குளம்புகள் கையை வைத்தால் சுடுகின்றன. விஷம் குளம்புக்கு இறங்குகிறது என்றாள்.

பாதத்துக்கு இறங்குகிறது. வாண்டா சொன்ன அதே இடம். இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன், ஆனால் அந்த வரியை அடிக்கப்போவதில்லை.

ஏப்ரல் 27

காலை ஆறு மணிக்கு முற்றத்தில் பிக்கப். டெல்மர் நாலு மூட்டை ஐஸ் இறக்கி, டாஃபியின் நான்கு கால்களையும் அதில் நிறுத்தி, மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். நான் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 28

ஐஸ். டெல்மர்.

ஏப்ரல் 30, வியாழன்

ஐஸ். வாண்டாவும் வந்தாள். என்னைத் தனியே இழுத்து, "என்ன ஆச்சு கண்ணு இந்த மனுஷனுக்கு? சாப்பிட மாட்டேங்கிறாரு. மாட்டுக்குப் புல் போடும்போது நின்னு பாத்துக்கிட்டே இருக்காரு" என்றாள்.

"குதிரை மேல பாசம்," என்றேன்.

"அவருக்கா? குதிரைன்னா பல்லு வச்ச சோம்பேறின்னுவாரு."

மாலையில் மடியில் பால். கெட்டியாக இல்லை, ஆனால் பால். குட்டி தேடிக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடமாயிற்று. டாஃபி நொண்டிக்கொண்டே திரும்பி அதன் முதுகை மோந்து பார்த்தாள். அது யாரென்று இன்றுதான் கேட்பது போல.

மே 6

காய்ச்சல் விட்டது. ஐஸ் தொடர்கிறது.

மே 20, புதன்

டாக்டரின் முடிவு: டாஃபி நடப்பாள், ஓடமாட்டாள். இனிச் சினை வேண்டாம். குட்டியின் வலது முன்னங்கால் நேராகும். இடதுக்கு உறுதி சொல்லமாட்டாள். சவாரிக்கு ஆகுமா என்று கேட்டேன். "உயிரோட இருக்கே," என்றாள்.

அந்த மூன்று நொடியைப் பற்றி அவளிடம் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஒருவரிடம் கேட்காமல் இருப்பதற்கு இந்த ஊரில் எனக்கு நல்ல பயிற்சி.

ஜூன் 13, சனி

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்லின் டேபர் புதன்கிழமை இறந்துபோனார். இன்று பதினொரு மணிக்கு அடக்கம். அவர்களிடம் பத்து மாடு, இரண்டு பெண்குதிரை.

கார்வினின் சின்ன நிலத்தில் போன வாரம் டிமோத்தி அறுத்தேன். இருபது கட்டு எடுத்துவைத்திருந்தேன். இந்த வேலைக்குப் பெண்கள் போவதில்லை. ஆனால் கார்வினின் பங்கை வேறு யார் கொண்டுபோவது? டெல்மர் பத்து மணிக்கு வண்டியோடு வந்தார். அதில் ஏற்கனவே பன்னிரண்டு கட்டு, நீலக் கயிறு.

நான் பரிசோதனைக் கூடத்துக் குப்பிகளில் கட்டும் அட்டைச் சீட்டுகளைக் கொண்டுவந்திருந்தேன். ஒவ்வொரு புல்கட்டிலும் ஒன்று கட்டிக்கொண்டிருந்தேன். குட்டி இடதுகாலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே பின்னால் வந்து ஒரு சீட்டைப் பிடுங்கித் தின்றுவிட்டது. மறுபடி ஒன்று எழுதினேன்.

டெல்மர் பார்த்துக்கொண்டிருந்தார். "பேர் போடக்கூடாது மார்லா. தெரியுமில்ல?"

"என் பேர் இல்லை. புல்லோட பேர்."

சீட்டைத் திருப்பிப் படித்தார். *டிமோத்தி. ஜூன் 6-இல் அறுத்தது.* வேறொன்றும் இல்லை.

ஏற்றி முடித்தோம். வண்டியைக் கிளப்பப் போனவர் சாவியை விட்டுவிட்டு இறங்கிவந்து கையை நீட்டினார். "பன்னெண்டு குடு. பேனாவும்."

வண்டியின் மூக்கு மேல் வைத்து எழுதினார். எழுதிப் பழகாத கை, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி. நான் வேலிப்பக்கம் போய் டாஃபிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மறுபடியும் பார்த்தேன்.

டேபர் வீட்டுக் கொட்டகையில் அடுக்கும்போதுதான் படித்தேன். பன்னிரண்டிலும் ஒரே வாசகம்: *ஃபெஸ்க்யூ. மாட்டுக்கு. சினைக் குதிரைக்கு ஒரு வாய் கூட வேண்டாம்.*

ஒரு வாய் கூட. கார்வினின் நோட்டை நான் யாரிடமும் காட்டியதில்லை. எப்போதோ ஒரு வேலியோரம் கார்வின் இதை அவரிடமும் சொல்லியிருக்கிறார். அவரும் என்னைப் போல, நவம்பரில், நினைக்கவே இல்லை.

ஒரு சீட்டின் முடிச்சு தளர்வாக இருந்தது. இறுக்கிக் கட்டினேன். தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. வீட்டார் திரும்பும் முன் கிளம்பிவிட வேண்டும், கிளம்பினோம்.